கை எட்டும் தூரத்துத் தொழில்

2020 மே 24, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ரம்ஜான். கொரோனா ஊரடங்கில் மூடிக் கிடந்த சலூன்களில், கிராமத்துக் கடைகளுக்கு 19ஆம் தேதியே திறக்க அனுமதி கிடைத்துவிட்டது. சென்னை காவல் எல்லை தவிர்த்த மற்ற ஊர்களுக்கு 24தான். காலை 7 மணி முதல் இரவு 7 வரை திறக்கலாம், ஏசி போடக் கூடாது என்பது உத்தரவு. மார்ச் 24 சாயங்காலம் இறக்கிய ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே டெட்டாலும் பவுடரும் கலந்த பழைய வாசனை அப்படியே இருந்தது. ஆறரை மணிக்கே வாசலில் ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் பெருநாளுக்கு முடி வெட்ட வந்த பாய்மார்கள்.

புதுக்கோட்டையில் எங்கள் கடை சின்னது, மூன்றே நாற்காலி. நடு நாற்காலியைத் துணி போட்டு மூடினேன். பெஞ்சையும் தினசரிப் பேப்பரையும் எடுத்து வீட்டில் போட்டேன். வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்தோம். மளிகைக் கடைக்காரர் கல்லாவுக்கு முன்னால் கயிறு கட்டிவிட்டால் போதும், அவர் வேலை நடக்கும். நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் நான் எங்கே வட்டம் போடுவது? மூச்சு மேலே படுகிற தூரத்தில் நின்றால்தான் மீசை ஒதுக்க முடியும்.

நோய்க்குப் பயந்து தொழில் மாறுவது எங்களுக்குப் புதிதில்லை. அப்பா தோல்வாரில் தீட்டிய ஒரே கத்தியால் ஊருக்கே சவரம் செய்தவர். 90களில் எய்ட்ஸ் பயம் வந்ததும் ஆளுக்கொரு பிளேடு என்று மாறினார். அதனால் பிளேடு விஷயத்தில் எனக்குச் சிரமமே இல்லை. சிரமமெல்லாம் மற்றவற்றில்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். ஆர்வக்கோளாறில் கத்தரிக்கோலையும் அதிலேயே முக்கி வைத்தேன். மூன்றாம் நாள் திருகில் துரு ஏறிவிட்டது, திறந்தால் மூட வரவில்லை. அதன்பிறகு இரும்புச் சாமான்களுக்கு ஸ்பிரிட் மட்டும்தான்.

மாஸ்க் இன்னொரு தொல்லை. காதோரம் ஒதுக்கும்போது முடியென்று நினைத்து ஒருவருடைய மாஸ்க் எலாஸ்டிக்கையே வெட்டிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் மாஸ்க் மடியில் விழுந்த அந்த நொடியில் இரண்டு பேருமே மூச்சை அடக்கிக்கொண்டோம். அடுத்த நாளிலிருந்து காது நாடாவைக் கழற்றி, மாஸ்க்கை மருந்துக்கடைப் பிளாஸ்திரியால் கன்னத்தில் ஒட்டிவிட்டோம். அக்னி நட்சத்திர வெயில் வேறு. ஃபேன் போட்டால் முடி பறக்கும், மூச்சும் பறக்கும் என்று அதையும் நிறுத்தினோம். புழுக்கம் தாங்காமல், கண்ணாடிக்குப் பக்கத்தில் பல வருஷமாக ஆணியடித்து மூடியிருந்த ஜன்னலைப் பெயர்த்துத் திறந்தேன். இன்று யோசித்தால், நான் கரைத்த பிளீச்சிங் பவுடரைவிட அந்த ஜன்னல்தான் எங்களை அதிகம் காப்பாற்றியிருக்க வேண்டும். அப்போது அதைக் காற்றுக்காகத் திறந்தேன், அவ்வளவுதான்.

ஜூன் தொடக்கத்தில் அடுத்த உத்தரவு: வருகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். "முடி வெட்டறதுக்கு ஆதாரா தம்பி?" என்று கேட்காத ஆளில்லை. அட்டையைக் கொண்டுவந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. நானும் கண்டுகொள்ளவில்லை. ஜூலையில் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. எங்களுக்கு வாரத்தின் பாதி வருமானம் ஞாயிறில்தான். செவ்வாய் எங்கள் வழக்கமான லீவு, ஞாயிறு அரசு போட்ட லீவு. இதில் வந்தவரிடம் ஆதார் சரிபார்க்க எவனுக்கு மனசு வரும்?

ஜூலை நடுவில் ஒரு போன். "அண்ணே, எனக்குப் பாசிட்டிவ் வந்திருச்சு. ஆறு நாளைக்கு முன்னாடி உங்ககிட்டதான் ஷேவிங் பண்ணினேன்."

ஷேவிங் என்றால் மாஸ்க் கிடையாது. நோட்டைத் திறந்தேன், அன்றைக்கு 14 பேர். பாசிட்டிவ் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. சொன்னால் கடைப் பெயர் கெடும், சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். எழுபது தாண்டிய ரிட்டயர்டு வாத்தியார் மட்டும், "நீ டெஸ்ட் எடுத்தியாப்பா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நம்பரில் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா பேசினார். புதுக்கோட்டைக்கே வந்ததில்லையாம்.

எனக்கு நெகட்டிவ். ஆனாலும் 14 நாள் கடையை மூடினேன். அந்த நாட்களுக்கும் சேர்த்து முழு வாடகையையும் கடை ஓனர் வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்டில் திறந்த நான்காம் நாள், திருப்பூர் நம்பர் கொடுத்த மனிதர் வந்தார். நல்ல வேளை, ஆள் திடமாகத்தான் இருந்தார். ஒன்றும் கேட்காமல் நோட்டை நீட்டினேன். எழுதி முடித்ததும், அவர் எதிரிலேயே அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது. துணியை உதறிக் கழுத்தில் கட்டினேன்.