லண்டன் நாட்டாமைமாரும் எங்கள் புவியியல் மாஸ்டரும்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுத் தம்பி மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். "அண்ணை, பிக் மட்ச் கிரிக்கெட், விடுதிச் சாப்பாடு, மதில் பாய்ந்து படம் பார்க்கப்போன கதை, இது மூன்றையும் விட்டுப்போட்டு வேறென்னவென்றாலும் எழுதுங்கோ, அதெல்லாம் ஏற்கெனவே வந்து குவிந்துபோய்க் கிடக்கு" என்றார். சரி, அப்படியென்றால் எங்கள் புவியியல் மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுதப்போனால் லண்டன் துறைமுகத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

1980ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பு. மாஸ்டர் நீலச் சோக்கால் தேம்ஸ் நதியைக் கீறுவார். வளைவு நெளிவு ஒன்றும் தப்பாது. நாய் நாக்கைத் தொங்கவிட்டமாதிரி ஒரு வளைவு, அதுதான் ஐல் ஒஃப் டோக்ஸ், நாய்த்தீவு என்பார். அதற்குள் வெஸ்ட் இந்தியா டொக், அதாவது கப்பல் உள்ளே வந்து சரக்கு இறக்குகிற துறை, 1802. கிழக்கே தள்ளி றோயல் விக்டோரியா, 1855. றோயல் அல்பேர்ட், 1880. ஐந்தாம் ஜோர்ஜ், 1921. தேயிலை, கம்பளி, உறைந்த இறைச்சி, சீனி, மரம் என்று இறக்குமதிப் பட்டியலைப் பாட்டுமாதிரிச் சொல்லித் தருவார், நாங்களும் திருப்பிச் சொல்லுவோம். அவர் ஒருநாளும் லண்டனைக் கண்டதில்லை. நாங்கள் அறியாத இன்னொரு விஷயமும் இருந்தது: அவர் படம் கீறிய அதே வருஷம் வெஸ்ட் இந்தியா டொக்கை மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம், நான் பரீட்சை எழுதிய வருஷம், றோயல் டொக்குகளும் சரி.

1984இல் நான் லண்டன் வந்தேன். பகலில் படிப்பு என்று பெயர், இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. கஸ்டம் ஹவுஸ் பக்கம் வாடகை குறைவென்று ஒருவர் சொல்லி, ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டு மேலறைக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் ஞாயிறே மாஸ்டரின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு துறைமுகம் பார்க்க நடந்தேன். மூன்று டொக்கிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 250 ஏக்கர் தண்ணீர். ஒரு கப்பல் இல்லை. கரை நீளத்துக்குப் பாரந்தூக்கிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நின்றன. கிட்டங்கிக் கதவொன்று காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, துறைமுகம் எங்கே என்று கிழவரைக் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ கொஞ்சம் பிந்திவிட்டாய் மகனே" என்றார்.

கிழவர் 1948இலிருந்து 1979 வரை டொக்கர். அவருடைய தகப்பனும் அதே வேலை, தகப்பனின் தகப்பனும் அதே. எங்கள் பக்கத்தில் நாட்டாமை என்போமே, அதுதான் தொழில். (தமிழ்நாட்டு நண்பர்கள் இதை வாசித்துவிட்டு ஆலமரத்தடிப் பஞ்சாயத்தை நினைக்கவேண்டாம். கொழும்பில் மூட்டை சுமக்கிறவர்தான் நாட்டாமை.) ஆனால் அவர்களுக்குள் எங்கள் ஊர் மாதிரியே ஆயிரம் பிரிவு இருந்திருக்கிறது. கப்பலில் ஏற்றுகிறவன் ஸ்டீவடோர், அவன் தன்னை ஒரு படி உசத்தியாக நினைப்பான். இறக்குகிறவன் டொக்கர். வள்ளத்தில் சரக்கை ஆற்றுவழியே கொண்டுபோகிறவன் லைற்றர்மன். கணக்கெழுதுகிறவன் வேறு. சங்கத்திலும் நீல அட்டைக்காரர், வெள்ளை அட்டைக்காரர் என்று இரண்டு கட்சி. ஒருவன் வேலையை மற்றவன் தொட்டால் அன்றைக்குச் சண்டைதான்.

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற விதத்தைக் கிழவர் சமையலறையில் நடித்தே காட்டினார். எட்டு மணிக்கு முன்னம் எல்லோரும் வாசலில் கூடி நிற்க வேண்டும். மேற்பார்வையாளன் ஒரு படியில் ஏறி நிற்பான். ஆட்கள் தங்கள் பதிவுப் புத்தகத்தைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நெரிபடுவார்கள். அவன் தனக்குப் பிடித்தவனின் புத்தகத்தை வாங்குவான், அவனோடு தவறணையில் பியர் குடிக்கிறவனுக்கு முதலிடம். அகப்படாதவன் போய்ப் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டு, மத்தியானம் திரும்பவும் வந்து நிற்க வேண்டும். முத்திரை இருந்தால்தான் வேலையில்லாத நாளுக்கான சிறு காசு கிடைக்கும். அந்தச் சிறு காசும் 1947இல் வந்த துறைமுகத் தொழிலாளர் திட்டத்துக்குப் பிறகு வந்ததுதான். பேரனார் காலத்தில் அதுவும் இல்லை, வேலைச் சீட்டுக்காக ஆளையாள் மிதித்துக்கொண்டு பாய்ந்திருக்கிறார்கள். எனக்கு இதில் விளங்காதது என்னவென்றால், உலகத்திலேயே பெரிய துறைமுகமொன்று 1967 வரைக்கும், பீற்றில்ஸ் பாடிக்கொண்டிருந்த காலத்திலும், இப்படி அரை நாள் அரை நாளாகத்தான் மனிதரை வாங்கிக்கொண்டிருந்தது. நிரந்தர வேலை அந்த வருஷம் செப்டெம்பரில்தான் வந்தது.

1889 வேலைநிறுத்தத்தைப் பேரனார் சொன்னபடி கிழவர் சொல்லுவார், ஏதோ தானே போய் நின்றமாதிரி. மணிக்கு ஆறு பென்ஸ் தா என்று கேட்டு ஐந்து கிழமை வேலைக்குப் போகவில்லை. முதலாளிமார் இருக்கிற நகரத்து வீதிகளாலே ஊர்வலம் போகும்போது, இதுதான் எங்கள் சாப்பாடு என்று மீன் தலையையும் அழுகின வெங்காயத்தையும் கம்பில் குத்திக்கொண்டு போனார்களாம். பட்டினியால் மடங்கப்போகிற நேரத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து காசு வந்தது, எல்லாமாகக் கிட்டத்தட்ட 30,000 பவுண். பிறகு கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் மானிங் நடுவில் நின்று பேச, ஆறு பென்ஸ் கிடைத்தது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கிழவர் கையிலிருக்கிற கோப்பையை மேசையில் டக்கென்று வைப்பார்.

அவருடைய கொளுக்கி சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு கிடந்தது. மரக் கைபிடி, வளைந்த இரும்பு, நுனி மட்டும் வெள்ளியாய் மினுங்கும். சாக்கு மூட்டை என்றால் அதைக் குத்தி ஒரு இழுவை, முழங்கால் ஒரு தள்ளு, மூட்டை தானாக எழும்பி வரும் என்பார். தேயிலைப் பெட்டிக்கு மட்டும் கொளுக்கி போடக்கூடாது, உள்ளே ஈயத்தாள் கிழிந்துவிடும். அதைக் கையால்தான் தூக்க வேண்டும். பெட்டி விளிம்பில் தகரப்பட்டி அடித்திருக்கும், அதன் ஆணி நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளங்கையை விரித்துக் காட்டினார், ரேகை எது, தழும்பு எது என்று பிரிக்க முடியாத கை. "உங்கள் நாட்டுத் தேயிலைதான்" என்றார். நான் மன்னிப்புக் கேட்பதா சிரிப்பதா என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்தேன். மலையகத்தில் கொழுந்து கிள்ளின கை எப்படியிருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை, யாழ்ப்பாணத்துப் பொடியன்தானே.

அந்த வீட்டில் எனக்கு நன்றாகப் பிடித்தது பட்டப்பெயர்க் கதைகள். டொக்கில் ஒருவனுக்கும் சொந்தப்பெயர் கிடையாதாம். வேலையில் கள்ளம் செய்கிற ஒருவனுக்கு 'மூடுபனி' என்று பெயர். ஆங்கிலத்தில் பனி விலகுவதற்கும் சுமை தூக்குவதற்கும் ஒரே சொல், இவன் எந்தக் காலமும் ஒன்றையும் தூக்கமாட்டான், அதனால் மூடுபனி. பதிலுக்கு எங்கள் உப அதிபரின் பட்டப்பெயரை நான் மொழிபெயர்த்துச் சொல்ல, கிழவர் இரண்டு நாள் சிரித்தார். அதை இங்கே எழுதினால் மலர் வெளிவராது.

எல்லாம் சிரிப்பாகவும் இருக்கவில்லை. கயிறு அறுந்து விழுந்த சுமையில் அவர் கூட்டாளி ஒருவன் கப்பலின் அடித்தட்டிலேயே போனான். அஸ்பெஸ்டஸ் சாக்கில் வருமாம், சாக்குக் கிழிந்தால் பெடியன்கள் அதை வாரி ஆளுக்காள் எறிந்து விளையாடுவார்களாம், பனிமழை என்று. எனக்குத் தெரிந்த நாள் முழுக்க அவர் இருமிக்கொண்டே இருந்தார்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் அது நியாயமாயிராது. 1968 ஏப்ரலில், குடியேறிகளுக்கு எதிராக அரசியல்வாதி ஈனொக் பவல் பேசினதுக்கு அவரைப் பதவியால் நீக்கினார்கள் என்று, லண்டன் டொக்கர்கள் வேலையை விட்டுப்போட்டு அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். நான் ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, நீங்களும் போனீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முழுக் கூட்டமும் போனது, நானும் போனேன்" என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அவரும் பிறகு பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு வருஷம் கழித்து, 1972 ஜூலையில், ஐந்து டொக்கர்களைப் பென்ரன்வில் சிறையில் போட்டபோது அதே ஆட்கள்தான் சிறை வாசலில் போய் நின்று ஒரு கிழமைக்குள் அவர்களை வெளியே எடுத்தார்கள். அதை அவர் நூறு தரம் சொல்லியிருப்பார். வாடகையில் ஒருநாள் பிந்தினாலும் முகத்தைச் சுளிக்கமாட்டார், நான் காய்ச்சலாய்க் கிடந்தபோது சூப் வைத்துக்கொண்டு படியேறி வந்ததும் அவர்தான். மனிதரை எந்தப் பெட்டியில் போடுவதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. துறைமுகத்தை முடித்ததும் பெட்டிதான், கொள்கலன். மூட்டை மூட்டையாக ஒரு கப்பலை இறக்க ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும், அதே சரக்கைப் பெட்டியில் கொண்டுவந்தால் கையளவு ஆட்கள் ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். அப்புறம் கப்பல்களும் பெருத்துவிட்டன, றோயல் டொக்கின் மதகுக்குள் நுழையாது. ஆற்றில் கீழே, கடல் பக்கமாக, டில்பெரியில் ஆழம் இருந்தது, இடமும் இருந்தது, எல்லாம் அங்கே போய்விட்டது. 1964இல் லண்டன் துறைமுகம் 6 கோடி தொன்னுக்கு மேல் கையாண்டது. மூன்றே வருஷத்தில் முதலாவது டொக் மூடியது, 1981இல் கடைசியாக றோயலும். கிழவர், வேலையை விட்டுப்போகச் சொல்லி அவர்கள் 1979இல் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு, ஒருகாலத்தில் தலைக்கு மேலே நீட்டின புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தவர். பிறகு றோயல் அல்பேர்ட்டுக்கும் ஐந்தாம் ஜோர்ஜுக்கும் நடுவே இருந்த இறங்குதுறையை ஓடுபாதையாக்கி 1987இல் விமான நிலையம் திறந்தார்கள். "கடைசியில் எங்கள் சுமையெல்லாம் பறந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார்.

1985இல் மாஸ்டருக்கு ஒரு ஏரோகிராம் எழுதினேன். சேர், நீங்கள் படிப்பித்த லண்டன் துறைமுகம் இப்போது இல்லை, எல்லாம் மூடியாகிவிட்டது, நான் அந்த இடத்திலேயே குடியிருக்கிறேன் என்று. ஊர் இருந்த நிலையில் அது போய்ச் சேருமென்றே நான் நினைக்கவில்லை. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. நலம் விசாரித்து, ஊர்ப் புதினம் இரண்டு வரி எழுதி, அடியில் அந்தக் குண்டு குண்டான கையெழுத்தில்: 'மூடப்பட்டதை அறிந்தேன். ஆயினும் பாடத்திட்டம் மாறவில்லை. பொடியள் மூடியாயிற்று என்று எழுதினால் புள்ளி போய்விடும். ஆகவே இந்த வருடமும் திறந்தே வைத்திருக்கிறேன்.'

இதைக் கிழவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். சிரித்தார், இருமினார், திரும்பவும் சிரித்தார். அந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி என்று கேட்டார்.

ஐந்து என்றேன்.

"முப்பத்தொரு வருஷத்துக்கு ஐந்து" என்றுவிட்டுக் கேத்திலை அடுப்பில் வைக்க எழும்பினார்.