முதியோர் மையத்தின் நோக்கம் நேர அட்டவணையில்தான் இருக்கிறது

'மூத்த குடிமக்களின் கண்ணியமான வாழ்வுக்காக' என்று போர்டு எழுதி, கவுன்சிலரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டினால் முதியோர் பகல்நேர மையம் திறந்தாயிற்று. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் ஒருவரோ இருவரோ. 'நம்ம ஏரியா பொம்பளைங்க வரமாட்டாங்க சார்' என்று நிர்வாகம் சொல்லும். பெரும்பாலும் காரணம் கதவிலேயே ஒட்டியிருக்கும்: காலை 10 முதல் மாலை 5 வரை, மதிய இடைவேளை 1 முதல் 2 வரை. அரசு அலுவலகத்து நேரத்தை அப்படியே எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

வட சென்னையில் அறுபது வயதைத் தாண்டியவர்களை ஒரே கூட்டமாக எண்ணித் திட்டம் போட்டால் முதல் கோணலே அங்கேதான். பெரம்பூர் பக்கம் ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வே ஒர்க்‌ஷாப் ஓய்வூதியர்கள். ராயபுரம், தண்டையார்பேட்டையில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள். இவர்களுக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வரும், காலை முழுக்க ஓய்வு. திருவொற்றியூர், மணலி தனியார் கம்பெனிகளில் உழைத்து ஓய்ந்தவர்களில் பலருக்கு இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பென்ஷன்தான், அதன் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 1996-ல் மூடிய பின்னி துணி மில்லை நம்பியிருந்த குடும்பங்கள் இன்னொரு வகை. இவை எதிலும் சேராதவர்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்கள், வீட்டுவேலை செய்பவர்கள், இஸ்திரி வண்டிக்காரர்கள். கிடைத்தால் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. எழுபது வயதிலும் இவர்கள் ஓய்வு பெறவில்லை என்பதே திட்டம் போடுபவர்கள் கவனிக்க மறக்கிற விஷயம்.

ஆகவே நோக்கத்தை வாசகமாக எழுதுவதற்கு முன் மணிக்கணக்காக எழுத வேண்டும். அதற்கு ஒரு சர்வே போதும். கேள்வி மட்டும் சரியாக இருக்க வேண்டும். 'மையத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால் எல்லாரும் டாக்டர், சாப்பாடு என்றுதான் சொல்வார்கள். கேட்டவர் மனம் கோணாமல் சொல்லும் பதில் அது. நேற்றைய நாளைக் கேட்க வேண்டும். "நேத்து காத்தால எழுந்ததுல இருந்து என்னென்ன பண்ணீங்க ஆயா?" என்று கேட்டால் இந்த மாதிரி வரும்: "மூணு மணிக்கு ஏலத்துக்குப் போனேன் கண்ணு. கூடை காலியாவ பன்னெண்டு ஆயிடுச்சி. வூட்டுக்கு வந்து ரெண்டு வாய் துன்னுட்டு காலை நீட்டுறதுக்குள்ள பேத்தி ஸ்கூல் வுட்டு வந்துட்டா." இந்த மூன்று வரியில் மையம் எப்போது திறந்திருக்க வேண்டும், உள்ளே என்ன இருக்க வேண்டும் என்ற இரண்டும் இருக்கின்றன.

நான்கைந்து தெருக்களில் அறுபது பேரிடம் பேசினால் ஏரியாவின் ஓட்டம் பிடிபட்டுவிடும். பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும். பதினைந்து பேராவது வாசல் தாண்ட முடியாதவர்களாக இருக்க வேண்டும். காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளையும் போக வேண்டும். காலை பதினோரு மணிக்கு மட்டும் போனால் அந்நேரம் வீட்டில் இருப்பவர்கள்தான் அகப்படுவார்கள், அட்டவணையும் அவர்களுக்கே அமைந்துவிடும்.

இப்படிக் கேட்டுத் தொகுத்தால் பெரும்பாலும் இரண்டு ஷிஃப்ட் தெளிவாக வரும். 9 முதல் 12 வரை பென்ஷன்காரர்கள். 12:30 முதல் 3:30 வரை பெண்கள், அதாவது குழாய்த் தண்ணீர், சமையல், வியாபாரம் முடிந்து, பேரப்பிள்ளையைக் கூப்பிடப் போகும் வரை. இந்த இரண்டாம் ஷிஃப்டில் யோகாவும் பஜனையும் வைத்தால் ஆள் தங்காது. விடியுமுன் எழுந்தவர்களுக்கு முதலில் வேண்டியது கைகால் கழுவ நிறையத் தண்ணீர், பிறகு ஃபேனுக்கடியில் படுக்க இடம். தரையில் பாய் விரித்தால் முட்டிவலிக்காரர்கள் எழுந்திருக்க முடியாது. 18 அங்குல உயரத்தில் ஆறு கட்டில் போடலாம். ஹாலுக்கு நாற்பது நாற்காலி வாங்குபவர்கள் ஒரு கட்டிலுக்கும் கணக்கு எழுதுவதில்லை. நாற்காலியிலும் கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். எழும்போது ஊன்ற எதுவும் இருக்காது, டைல்ஸ் தரையில் பின்னுக்கு வழுக்கும்.

கேரம் போர்டைக் குறை சொன்னால் வட சென்னையில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். போர்டு இருக்கட்டும். ஆனால் ஹாலின் நடுவில், கதவுக்கு நேரே போட்டால் சுற்றி நிற்கும் ஆண்களைத் தாண்டி எந்தப் பெண்ணும் உள்ளே வரமாட்டார். பக்கச் சுவரோரம் போட்டு, மதிய ஷிஃப்டில் பெண்களுக்கு என்று எழுதி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கட்டடத்தில் பணம் போக வேண்டிய இடம் கழிவறை. முகப்பில் கிரானைட் பதித்துவிட்டு உள்ளே ஒரே ஒரு இந்தியன் டாய்லெட் என்றால், முட்டி மடங்காதவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரமாட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வெஸ்டர்ன், இருக்கை 18 அங்குல உயரம், பக்கச் சுவரில் பிடிகம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவை அசைக்கவே முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக இருக்கட்டும். கடலோரத்தில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. கம்பியை எவர்சில்வரில் வாங்கிவிட்டுத் திருகை சாதா இரும்பில் முடுக்குவார்கள். கம்பி பளபளவென்று இருக்கும், உள்ளே திருகு துருப்பிடித்து இளகியிருக்கும், முழு பாரத்தையும் போட்டுப் பிடிக்கிற அன்றுதான் தெரியும். திருகும் எவர்சில்வராக இருக்க வேண்டும். பூச்சில் நிற்காமல் செங்கல் வரை இறங்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒருவர் தன் எடையைப் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தரைமட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பார்த்த வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் 'மூன்றடி உயர்த்திக் கட்டுங்கள்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சாய்தளத்துக்கு 1:12 சரிவு வேண்டும். மூன்றடி உயரத்துக்கு 36 அடி நீளம், நடுவே ஐந்தடி சமதளம், சக்கர நாற்காலி திரும்ப இடம். பத்தடிச் சந்தில் இதற்கு எங்கே போவது? இடம் போதவில்லை என்று கொத்தனார் சரிவைச் செங்குத்தாக்கிவிடுவார். பிறகு அது பைக் ஏற்றத்தான் பயன்படும். நாங்கள் சொல்வது, தரையை ஒன்றரை அடியில் நிறுத்தி, 18 அடி சாய்தளம் போட்டு, ஸ்விட்ச் போர்டையும் ஆவண அலமாரியையும் நான்கடிக்கு மேல் ஏற்றுவது. தண்ணீர் உள்ளே வந்தால் கழுவிவிடலாம். தினமும் ஏற முடியாத படியை எப்படிச் சமாளிப்பது?

சாப்பாட்டைப் பொறுத்தவரை சொந்தச் சமையலறை ஆசை வேண்டாம். பதினோரு மணிக்குச் சுண்டல், மதியம் மோர். தலைக்கு 35 கிராம் கடலை என்றால் நாற்பது பேருக்கு ஒன்றரைக் கிலோ தாராளம். பல் இல்லாதவர்களுக்குப் பச்சைப்பயறு. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இந்தப் பதினோரு மணி தள்ளிப்போகக் கூடாது.

மருத்துவத்தில் மையம் ஒரு குட்டி ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆகப் பார்க்கக் கூடாது. பிரஷர், சுகர் மாத்திரைக்கு வீட்டுக்கே வரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் இருக்கிறது. மையம் செய்ய வேண்டியது, யாருக்கு மாத்திரை தீர்ந்தது என்று நோட்டில் எழுதி, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்வது.

அதைவிடப் பெரிய வேலை காகிதங்கள். வருடக்கணக்கில் மீன் அரிந்த, துணி துவைத்த கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேகை பதியும் கருவி கட்டைவிரலை ஏற்காது. 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிடுவார்கள். இ.பி.எஃப். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் செல்லும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். ரேகைக்குப் பதில் முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்றைப் பதிவு செய்யும் ஜீவன் பிரமாண் வசதி 2021 நவம்பரிலிருந்து போனிலேயே இருக்கிறது. வெளிச்சமான ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போன், யாருக்கு எந்த மாதம் முடிகிறது என்ற பட்டியல், அவ்வளவுதான் செலவு. இந்த ஒரு வேலைக்காகவே மையத்துக்கு வர ஆரம்பித்து, பிறகு தங்கிவிடுபவர்கள் உண்டு.

இனி எதிர்காலம். கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்புப் பணத்தை (சி.எஸ்.ஆர்.) எதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முதியோர் பகல்நேர மையம் இருப்பதால், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிடம் அந்தப் பணத்தைக் கேட்கலாம். ஆனால் ஒரு தொடர் திட்டம் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. கட்டில், கம்பி, டிவி எல்லாம் கேட்டதும் கிடைக்கும். சம்பளமும், நடக்க முடியாதவர்களை அழைத்துவரும் ஆட்டோ வாடகையும்தான் பிறகு அநாதையாகும். முதலில் நிறுத்தப்படுவது ஆட்டோ. ஆட்டோ நின்றதும் நடக்க முடியாதவர்கள் நிற்பார்கள், பெண்கள் குறைவார்கள், மையம் மறுபடி வாசகசாலை ஆகிவிடும். ஆகவே முதல் ஆண்டு பட்ஜெட்டிலேயே ஐந்தாம் ஆண்டுக்கு ஒரு பத்தி போட்டு, ஆட்டோவையும் உதவிக்கு வைக்கும் ஆயாவின் சம்பளத்தையும் நன்கொடை அல்லாத வரவில் எழுத வேண்டும். வரவு எதுவும் தோன்றவில்லை என்றால் மையத்தைச் சிறிதாகத் தொடங்குங்கள்.

வருகைப் பதிவேடு இன்னொரு ஏமாற்று. 'மாதம் 600 வருகை' என்று அறிக்கை அழகாக இருக்கும். அது 24 நாளும் வந்த அதே 25 பேராக இருக்கலாம். தலைகளை எண்ண வேண்டும், வருகைகளை அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நடுவே பள்ளி விடுமுறை. காசிமேடு பக்கத்து மையத்தில் அப்போது யார் எப்போது வருவார்கள் என்பதே மாறிவிடும், பேரப்பிள்ளைகளும் கூட வருவார்கள். அந்த இரண்டு மாதத்தைத் தனியாக எழுதாவிட்டால் ஆண்டுச் சராசரிக்கு அர்த்தம் இல்லை.

பலரும் கணக்கில் எடுக்காதது, மையத்தின் உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்தே வயதாகிறார்கள் என்பது. முதல் ஆண்டில் 66 வயதில் கேரம் ஆடியவருக்குப் பத்தாம் ஆண்டில் 75. அவருக்கு அப்போது வேண்டியது விழாமல் நடக்கும் பயிற்சி, அதன் பிறகு வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு ஆள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது தெருவே கலைந்து ஆளுக்கொரு வாடகை வீட்டுக்குப் போய்விடும். பதிவேட்டில் மகன் அல்லது மகளின் போன் நம்பர் இல்லையென்றால் தேடிப் பிடிக்க வழியில்லை.

இதற்காகவே 'வராதவர் நோட்டு' ஒன்று தனியாக வேண்டும். மூன்று நாள் வராவிட்டால் போன், ஏழாம் நாள் நேரில். காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும்: விழுந்தார், ஊருக்குப் போனார், மகள் வீட்டில் வேலை, இங்கே யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். நிர்வாகக் குழு ஆண்டுக்கூட்டத்தில் வரவுசெலவைப் படிப்பதற்கு முன் இந்த நோட்டைப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டின் நேர அட்டவணையைப் பென்சிலில் எழுதட்டும்.