டயப்பர்ல ஒண்ணுமே இல்ல

பையன் பொறந்து ரெண்டு நாள், டயப்பர்ல மூத்திரம் மட்டும் தான். தையல் வலில நான் எதையும் கவனிக்கல, அம்மா தான் "காட்டுப்பீ இன்னும் போகலையேடி"ன்னாங்க. கருப்பா தார் மாதிரி வருமே முதல் மலம், அதான். நிறைமாசக் குழந்தைக்கு பெரும்பாலும் 24 மணி நேரத்துல போயிடும், 48 தாண்டுனா கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும். அன்னைக்கு ராத்திரியே வயிறு கல்லு மாதிரி உப்பி பச்சையா வாந்தி எடுத்தான். பச்சைன்னா பித்தம், கீழ எங்கயோ வழி இல்லன்னு அர்த்தமா இருக்கலாம், விடியட்டும்னு மட்டும் உக்காந்துடாதீங்க ப்ளீஸ்.

மலக்குடல்ல துளியூண்டு சதை எடுத்து பயாப்ஸி பண்ணி ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்னு சொன்னாங்க, 1886ல அத விவரிச்ச டென்மார்க் டாக்டர் பேராம், எனக்கு வாயில நுழையவே ஒரு வாரம் ஆச்சு. உள்ள எதுவும் போய் அடைச்சுக்கல. குடல் மலத்தைத் தள்ளணும்னா அதோட சுவர்ல நரம்பு செல் இருக்கணும், கரு வளரும்போது அதுங்க மேல இருந்து கீழ நகந்து வரும், பாதி வழில நின்னுடுச்சுன்னா கடைசித் துண்டு இறுகியே கிடக்கும், மேல இருக்கற நல்ல குடல் தான் பாவம் வீங்கிப் போயிடும். கிட்டத்தட்ட 5000 குழந்தைல ஒண்ணுக்கு வரும், பசங்களுக்குத் தான் அதிகம்.

ஆபரேஷன்ல அந்தத் துண்ட வெட்டிட்டு நல்ல குடல கீழ இழுத்து தச்சாங்க. அது கூட தாங்கிட்டேன், "எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லயே"ன்னு மாமியார் சொன்னது தான் குத்துச்சு. ஜீன் டெஸ்ட்ல பாத்தா ரெட் (RET)-ங்கிற ஜீன்ல மாத்தம், வந்தது என்கிட்ட இருந்தே தான்! எனக்கு மலச்சிக்கல் கூட வந்ததில்ல. இந்த ஜீன் அப்படித்தான், ஒருத்தர்கிட்ட சும்மா இருக்கும், பிள்ளைகிட்ட வேலைய காட்டும், அதுலயும் பொண்ணுங்கள விட பசங்ககிட்ட. பக்கத்து பெட் குழந்தைக்கு வேற கதை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பரம்பரை நோய், மலமே பசை மாதிரி கெட்டியாகி அடைச்சுடுச்சு, அதுக்கு அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் அந்த நோய்க்கான ஜீன் மாத்தம் இருக்கணும், இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் 25 சதவீதம் வாய்ப்பு.

போன மாசம் ரெண்டாவது, பொண்ணு. ஒன்பதாவது மணி நேரத்துல டயப்பர் முழுக்க கருப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன், முதல் ஹார்ட் மாமியாரோடது.