பழைய பப்பில் பொலிவு எங்கிருந்து மங்குகிறது?

பிரிட்டனின் பழைய நகரத்துப் பப் ஒன்றில் வேலைக்கு வருகிறவருக்குப் பீர் ஊற்றக் கற்றுக்கொடுக்கும் முன்பே துடைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். விக்டோரியா காலத்தின் கடைசியில் லண்டனிலும் லிவர்பூலிலும் பெல்ஃபாஸ்டிலும் கட்டிய பப்களின் அழகு முழுக்க மேற்பரப்பில்தான் இருக்கிறது: மஹோகனி மரம், பூவேலை செய்த கண்ணாடி, பளிங்கு, வண்ண ஓடு. நூறு வருஷம் தாங்கிய மெருகு, தவறான திரவம் பட்டால் சில மாதங்களில் போய்விடும்.

அந்த மரவேலைக்குப் பெரும்பாலும் அரக்கு மெருகுதான். அரக்கு ஆல்கஹாலில் கரையும். மது விற்கிற இடத்தில் போய் இதைப் பூசினார்களே என்று சிரிக்கத்தான் தோன்றும். விஸ்கி சிந்தினால் அந்த நிமிஷமே துடைக்க வேண்டும். கொரோனாவுக்குப் பின் கை போகிற இடமெல்லாம் ஆல்கஹால் கிருமிநாசினியைத் தெளிக்கும் பழக்கம் வந்ததே, அது கெடுத்த மரம் கொஞ்சமல்ல. பிழிந்த ஈரத்துணி, பின்னால் உலர்ந்த துணி, எப்போதாவது மெழுகு, இவ்வளவு போதும். பிசுபிசுத்துவிட்டது என்று பாலியூரிதேன் வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் பளபளப்புத்தான் மிஞ்சும்.

பார் கவுன்டருக்குப் பின்னால் உள்ள நிலைக்கண்ணாடியில் திரவத்தை நேராகத் தெளிக்கக் கூடாது. அது வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கி, பின்பக்க வெள்ளிப் பூச்சை அரிக்கும். ஓரங்களில் படரும் கறுப்பைப் பழமையின் அழகு என்று வாடிக்கையாளர் படம் எடுத்துக்கொள்வார். பாதி நேரம் அது துடைத்தவர் கைவண்ணம். தெளிப்பதைத் துணியில் தெளித்துக்கொள்ளலாம். பளிங்கு மேல் எலுமிச்சைத் துண்டை வைத்தால் அமிலம் அரித்து, மங்கிய தடம் விழும்.

கூரையின் பழுப்பும் இப்படித்தான், பாதிக்கு மேல் சிகரெட் கறை. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் புகைக்கத் தடை. புகை மறைத்து வைத்திருந்த வாடைகள், கம்பளத்தில் ஊறிய பீரும் சாக்கடையும் கழிப்பறையும், அதற்குப் பிறகுதான் மூக்குக்குத் தெரிந்தன.

லிவர்பூலின் ஃபில்ஹார்மோனிக் பப் 2020இல் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. சுவரையும் சிவப்புப் பளிங்குச் சிறுநீர்த் தொட்டியையும்கூடச் சட்டம் காக்கும். பீரைக் காக்க நிலவறையில் ஆள் வேண்டும்.

பீப்பாயில் உயிர் ஈஸ்ட்டோடு வரும் ஏல் என்ற பீர் வகைதான் இந்தப் பப்களின் அடையாளம். நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பீப்பாயைக் கிடத்தி, அசையாமல் ஆப்பு வைத்து, மேல் துளையில் காற்று போகும் மென்மர முளையை அடித்துவிட்டால் மிச்சமிருக்கும் நொதிப்பு வாயு வெளியேறும். நுரை அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் காற்றுப் போகாத கடினமான முளையை அடிக்காவிட்டால் பீர் உயிரிழந்து தட்டையாகிவிடும். வண்டல் படியப் பெரும்பாலும் ஒரு நாள் ஆகும்; அதற்குள் யாராவது இடித்தால் திரும்பவும் காத்திருக்க வேண்டியதுதான். குழாய்களை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். காலையில் குழாயில் தங்கிய பீரை முதலில் இழுத்துக் கொட்ட வேண்டும். கணக்குப் பார்க்கிற மேலாளர்கள் தொல்லை தருவது இங்கேதான்.

பீர் பழுதாகும் உண்மையான காரணம் விற்பனை வேகம். ஃபர்கின் எனும் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்). திறந்து பீர் இழுக்க இழுக்க உள்ளே காற்று நுழையும். மூன்று நாளுக்கு மேல் போனால் புளிப்பு தலைகாட்டும். ஆக பீப்பாயிலிருந்து பீர் இழுக்கும் ஒரு பம்பில் நாளொன்றுக்கு 24 பைன்ட் ஓட வேண்டும். கூட்டம் குறைந்த பிறகும் வரலாற்றுப் பப் என்ற கெத்துக்காக ஆறு பம்பை ஓட்டுகிற இடங்கள் உண்டு. ஆறிலும் பீர் சுமாராகத்தான் இருக்கும். நான்கை நிறுத்திவிட்டு இரண்டை ஒழுங்காக ஓட்டலாம். அதற்கும் கூட்டம் போதாதென்றால் 36 பைன்ட் கொள்ளும் ‘பின்’ (pin) என்ற சின்னப் பீப்பாய் இருக்கிறது. எல்லா பீர் ஆலைகளும் அதை அனுப்புவதில்லை, அனுப்புகிறவர்களிடம் வாங்கிக்கொள்வது நல்லது.