ஈறு குணமான பிறகு வந்த சொத்தை

போன வருஷம் ஒரு சாயங்காலம் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மேல் வரிசைக் கோரைப்பல் ஈறு மட்டத்தில் முறிந்து கையோடு வந்துவிட்டது. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. அந்தப் பல்லைக் காப்பாற்றத்தான் 2019-ல் அவ்வளவு பாடுபட்டோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது அம்மாவுக்கு ஈறு நோய் முற்றி, பற்கள் ஆட ஆரம்பித்து, கீழே இரண்டு இடத்தில் சீழ் வைத்திருந்தது. ஆழமான க்ளீனிங், அப்புறம் ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்யும் ஃபிளாப் சர்ஜரி என்று மூன்று மாதம் அலைந்தோம். பலன் நன்றாகவே இருந்தது. ரத்தம் நின்றது, ஆட்டம் குறைந்தது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். ஈறு வீக்கம் வற்றி இறங்கியதால் பற்கள் நீளமாகத் தெரிந்தன, கொஞ்சம் கூச்சமும் இருந்தது. "அது அப்படித்தான் இருக்கும்" என்று அங்கே சொன்னார்கள். அந்த இறங்கின இடத்தில் இனி சொத்தை வரலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

முறிந்த பல்லோடு வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே தெரியும் பல்லுக்கு எனாமல் கவசம் உண்டு, அதன் எடையில் 96 சதவீதம் தாது. ஈறுக்குள் மறைந்திருக்கும் வேருக்கு அந்தக் கவசம் கிடையாது. மெல்லிசாக சிமென்டம் என்று ஒரு பூச்சு, அதற்கடியில் டென்டின் என்கிற பல்லின் உட்பகுதி, அதில் தாது சுமார் 70 சதவீதம்தான். வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது அந்தப் பூச்சிலும் கொஞ்சம் போய்விடும். எனாமல் கரைய வேண்டுமென்றால் வாயில் பி.எச். 5.5க்குக் கீழே இறங்க வேண்டும், வேர் 6.2லிருந்து 6.7க்குள்ளேயே கரைய ஆரம்பித்துவிடும் (பி.எச். குறையக் குறையத்தான் அமிலம் அதிகம்). அதாவது எனாமலை ஒன்றும் செய்யாத லேசான அமிலமே வேருக்குப் போதும். சிகிச்சை எடுத்தது தப்பு என்று சொல்லவே மாட்டேன், எடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பற்கள் அப்போதே விழுந்திருக்கும். ஆனால் பல் பிழைத்ததோடு வேரும் வெளியே வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்வது தனி வேலை.

டாக்டர் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எனக்கு மனசு கனத்துப்போனது. பிரஷர் மாத்திரையில் வாய் வறண்டுபோகிறது என்று ராத்திரி கற்கண்டு போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், எச்சில் குறைந்த வாயில் மணிக்கணக்கில் சர்க்கரை. இடுக்கில் மாட்டும் சோற்றை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்திருக்கிறார். கூச்சம் என்பதால் அந்தப் பக்கம் பிரஷ் போடவே இல்லை. கொரோனா சமயத்தில் நின்ற க்ளீனிங்கை நாங்களும் மறுபடி ஆரம்பிக்கவில்லை, அதில் என் பங்கு பெரிசு.

எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பற்களுக்கு இடையே இன்னும் இரண்டு இடத்தில் கருநிழல். வேர்ச் சொத்தை குழியாக உள்ளே இறங்குவதைவிடப் பல்லின் கழுத்தைச் சுற்றிப் படர்வது அதிகம், அதனால்தான் ஒருநாள் மொத்தமாக முறிகிறது. ஆரம்பத்தில் மஞ்சளாக, தோல் போல மெத்தென்று இருக்கும், வலிக்காது. "வலி இல்லேன்னா சொத்தை இல்லேன்னு நினைக்காதீங்கம்மா" என்று அவர் சொன்னதை அம்மா இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

கற்கண்டு நின்றது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், வாய் ரொம்ப வறண்டால் சர்க்கரை இல்லாத சூயிங்கம். மாத்திரையை மாற்ற முடியுமா என்று பிரஷர் டாக்டரிடமும் கேட்டோம், மாற்றித் தந்தார். ஈர்க்குச்சிக்குப் பதில் இடுக்கில் நுழைகிற குட்டி பிரஷ், ஒவ்வொரு இடுக்குக்கும் ஒரு சைஸ், எது எதற்கு என்று டாக்டரே போட்டுக் காட்டினார். நம் ஊர்க் கடை பேஸ்ட்டில் பல்லைக் கெட்டியாக்கும் ஃப்ளோரைடு பெரும்பாலும் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு), அம்மாவுக்கு எழுதிக்கொடுத்தது 5000. அது டாக்டர் சொல்லாமல் வாங்கக்கூடாதது, வீட்டுக் குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். தேய்த்த பிறகு துப்ப மட்டும் வேண்டும், கொப்பளித்தால் ஃப்ளோரைடு போய்விடும், அதனால் கொப்பளிக்கக்கூடாது. நாலு தடவை கொப்பளித்தால்தான் திருப்தி என்று அறுபது வருஷம் பழகினவருக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வேரில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்கிறோம்.

எக்ஸ்ரேயில் தெரிந்த இரண்டில் ஒரு குழியை கிளாஸ் அயனோமர் என்கிற பல் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். இன்னொன்றில் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்கிற வெள்ளி கலந்த மருந்தைத் தடவினார்கள், அது சொத்தையை நிறுத்தும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்று முன்னாலேயே சொல்லித்தான் கேட்டார்கள். "உள்ளே யார் பார்க்கப்போறா, பல்லு இருந்தா போதும்" என்றார் அம்மா. போன வாரம் டாக்டர் கருவியால் அந்தக் கறுப்பை மெல்லத் தட்டிப் பார்த்தார், கல் மாதிரி டிக்கென்று சத்தம் வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.