ஓரகத்திகள் ஒன்று சேர்ந்தால்

சன் டிவியில் வந்த எதிர்நீச்சல் சீரியல் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் வீட்டையே அடக்கி ஆளும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனில்தான் ஆரம்பிப்பார்கள், நியாயம்தான், மாரிமுத்து அந்த வேஷத்தில் அப்படிப் பொருந்திப்போனார்; 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது குடியாத்தத்தில் எங்கள் பெரியம்மா பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டு அழுதார், அத்தனை நாளும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே பார்த்தவர்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அந்த வீட்டு ஓரகத்திகள்தான். வழக்கமான சீரியலில் ஓரகத்தி என்றால் பாலில் எதையாவது கலப்பவள். இங்கே ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி மூவரும் எதிர்த்துப் பேசாமலே பழகிப்போனவர்கள், கடைசியாக வந்த ஜனனி கேள்வி கேட்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக, பயந்து பயந்து, நடுவில் பின்வாங்கியும்கூட, மாறுகிறார்கள். அதிலும் நந்தினி! சமையல்கட்டில் நின்றபடி நக்கலடித்தே புருஷன் மேலிருக்கும் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறவள், எங்கள் சத்துவாச்சாரித் தெருவிலேயே இப்படி நாலு பேரைக் காட்டுவேன்.

ஜனனியின் புருஷன் சக்தி பரவாயில்லை. அண்ணன் பேச்சைத் தட்டாத தம்பியாக இருந்து மனைவி பக்கம் வந்து நின்றவன், ஆனால் அதற்குள் எத்தனை எபிசோடு இழுத்தார்கள், அப்பப்பா.

2024 ஜூனில் முடித்து டிசம்பரிலேயே இரண்டாம் பாகம் தொடங்கினார்கள். ஜனனியாக வேறு முகம். சரி, நந்தினியாக அதே ஹரிப்பிரியாதான் என்றதும் நானும் உட்கார்ந்துவிட்டேன்.