அறுவை வகுப்பும் ஊடுபுள்ளியும்

நம் பள்ளி மலர்க் குழுவிலிருந்து தொலைபேசியில் பேசிய தங்கை, "அக்கா, உங்கள் துணி அச்சுகளுக்கு எங்கிருந்து யோசனை வருகிறது என்று எழுதிக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் நாலு வரி இருக்கட்டும்" என்றாள். லண்டனில் துணி வாங்க வருகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள். அவர்களுக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறேன்: மீனாட்சியம்மன் கோயில் கோபுரம், நாயக்கர் மகால் தூண்கள். கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். உண்மையில் கோபுரத்தை வைத்து இன்றுவரை ஒரு முழம் துணிகூட நான் அச்சடித்ததில்லை. மதுரைக்காரர்களிடம் அந்தக் கதை செல்லாது என்பதால் நடந்ததையே எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழம்மா சங்கப் புலவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். "மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்" என்று எழுதியதும் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எங்கள் அகராதியில் அறுவை என்றால் கழுத்தறுப்பு. அதை ஒருவர் கடைபோட்டு விற்றிருக்கிறாரா என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டே விட்டாள். (அந்த ஒருத்தி நான்தான். இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் ஆபத்தில்லை.) தமிழம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தன் முந்தானையைப் பிடித்துக் காட்டி, "தறியிலிருந்து அறுத்து எடுப்பது அறுவை, துணித்து எடுப்பது துணி. நம் அழகர்மலைக் குகையில் தமிழி என்கிற பழைய எழுத்தில் ஓர் அறுவை வணிகன் பெயர் வெட்டியிருக்கிறது. நீ சிரிக்கிற சொல்லுக்கு இரண்டாயிரம் வயது" என்றார்.

அன்று அவர் பிடித்துக் காட்டிய முந்தானை அரக்கு நிறச் சுங்குடி, முடிச்சுப் போட்டுச் சாயமேற்றுகிற மதுரைப் புள்ளிச் சேலை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தெருப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து நாள் முழுக்க முடிச்சுப் போடுகிறவர். நாயக்கர் காலத்திலிருந்து மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிரக் குடும்பம்; வீட்டுக்குள் சௌராஷ்டிரம், எங்களிடம் தமிழ். வெள்ளைத் துணியில் குறித்த இடத்தை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு, விரல் அடுத்த இடத்துக்குத் தாவும். பேச்சு நிற்காது, விரலும் நிற்காது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்த பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று இழுப்பார்கள்; முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாமல் ஒரு வெள்ளை வளையம், அதன் நடுவில் கடுகளவு நிறம். பள்ளி விட்டதும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் நான் நிற்கிற இடம் அந்தத் திண்ணை.

படிப்பு முடிந்து சேர்ந்த முதல் வேலையில் எனக்குக் கொடுத்த முதல் பணி என்ன தெரியுமா? சுங்குடிப் புள்ளியை வரைந்து ஸ்கிரீனில் ஏற்ற வேண்டும். முடிச்சுப் போட நாள்கணக்காகிற சேலையை அச்சு மேசையில் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். பெருமையோடு ஒரு கஜம் எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியிடம் காட்டினேன். அவர் கண்ணால் பார்க்கவில்லை, உள்ளங்கையால் தடவினார். "கையில் தட்டவே இல்லையே, பாப்பா" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "எல்லாப் புள்ளிக்கும் ஒரே வயதாக இருக்கிறது" என்றார்.

அச்சுக்கலை பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு மேல் ஒன்றில்லை. அவர் போட்ட சேலையில் காலையில் விழுந்த முடிச்சு இறுக்கமாக, புள்ளி சிறிதாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் விழுந்தது சற்றுத் தளர்ந்து அகன்றிருக்கும். பேத்தி அழுதபோது விழுந்தது கோணியிருக்கும். நான் ஒரே புள்ளியை நகலெடுத்து நிரப்பியிருந்தேன். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது மகிழ்ச்சியோடு கொஞ்சம் வெட்கமும் வந்தது. மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு, அந்தத் தொழிலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிச்சே விழாத துணியை முடிச்சுப் போட்டதாகச் சொல்லி விற்பது பாட்டியின் கூலியில் கைவைப்பது. அதன் பிறகு நான் சுங்குடியை அச்சடிக்கவில்லை. என் புள்ளித் துணிகள் எல்லாவற்றிலும் புள்ளிகளைக் கையால், ஒரு முழு நாள் உட்கார்ந்து, ஒன்றொன்றாகத்தான் வைக்கிறேன். களைத்த புள்ளியும் அப்படியே போகட்டும்.

கோலத்துக்கு வருகிறேன். துணி அச்சில் வரைவதைவிடக் கடினமானது ஒட்டுவது. துணி நெடுகத் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கட்டத்தின் வலது ஓரத்தில் அறுந்த கோடு அதே கட்டத்தின் இடது ஓரத்தில் போய்ச் சேர வேண்டும். மேலும் கீழும் அப்படியே. சேரவில்லையென்றால் பத்து மீட்டர் துணியிலும் ஒரு தையல்போல அந்தப் பிசகு ஓடும். கல்லூரியில் ஆசிரியர், அடுத்த வரிசையைப் பாதி இறக்கி வைத்தால் கண்ணுக்குக் கட்டம் தெரியாது என்று ஏதோ ரகசியம்போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. புள்ளிக்கு நேரே வைத்தால் நேர்ப்புள்ளி, இரண்டு புள்ளிக்கு நடுவே வைத்தால் ஊடுபுள்ளி என்று மார்கழியில் பனியோடு பனியாகக் குனிந்து கற்றதுதானே அது? சிக்குக் கோலத்தில் கம்பி புறப்பட்ட இடத்துக்கே திரும்பாவிட்டால் அம்மா வாளித் தண்ணீரை ஊற்றி அழித்துவிடுவார். அந்தப் பயிற்சி போதும்.

நம் பள்ளிப் பொங்கல் கோலப் போட்டி நினைவிருக்கிறதா? எங்கள் வகுப்புக்குச் சீட்டில் விழுந்த இடம் கொடிக்கம்பத்தடி. 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. நடுவரிசையின் எட்டாவது புள்ளி விழ வேண்டிய இடத்தில் கம்பம் நின்றது. வேறு இடம் கேட்டோம், கிடைக்கவில்லை. கம்பத்தையே புள்ளியாக வைத்துக் கம்பியை அதைச் சுற்றி வளைத்தோம். பரிசு பத்தாம் வகுப்புக்குப் போனது. அவர்களுடையது மயில், வண்ணப்பொடிக்கு மதிப்பெண் போட்டார்கள் என்பது என் தீராத கருத்து.

நிறங்களை எனக்குக் கொடுத்தது சித்திரைத் திருவிழா. கள்ளழகர் வைகையில் இறங்கும்போது எந்த நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று ஊரே காத்திருக்கும். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்று முகங்கள் மலரும். சிவப்பு என்றால் பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரு நிறத்துக்காக லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஊரில் வளர்ந்தவள், நிற அட்டையைப் புரட்டி அலட்சியமாக ஒன்றைத் தொட்டுவிட முடியுமா? எந்தத் தொகுப்பிலும் நான் முதலில் கலக்கச் சொல்வது பச்சை. திருவிழாவுக்கு முன்பு புது மண்டபத் தையற்காரர்கள் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடை தைப்பார்கள். தூணடியில் குவிகிற சிவப்பு, மஞ்சள் வெட்டுத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். நன்றாக விற்ற என் தொகுப்பு அந்தத் துண்டுகள்தான். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

விற்காத தொகுப்பும் ஒன்று உண்டு. பள்ளியில் காந்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார்கள். ரத்தக்கறை படிந்த அந்தத் துணியின் முன் வரிசையாக நின்றோம். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி அரையாடைக்கு மாறினார் என்று வரலாற்று ஆசிரியை சொன்னார். பல வருடம் கழித்து அந்த நினைவில், வெளுக்காத கோரா துணியின் மேல் வெள்ளையிலேயே அச்சடித்தேன். யாரும் வாங்கவில்லை. எங்கள் வீட்டுத் தலையணை உறைகள் எல்லாம் இன்றும் அதுதான்.

இந்த மலரின் அட்டைக்கு ஒரு வரைபடம் கேட்டிருந்தார்கள், அனுப்பியிருக்கிறேன். 15 புள்ளி, 8 வரை. நடுவில் ஒரு புள்ளி இருக்காது. அச்சகத்தார் பிழையென்று நினைத்து அதை வைத்துவிடாமல் மலர்க் குழு பார்த்துக்கொள்ள வேண்டும்.